அலுவலகத் தோழிகளிடம் என் சாட்சியைச் சொல்லலாமா?

கேள்வி: பசுமலையில் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. பெண் நான். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபித்துக்கொண்டிருந்த எனக்கு இதுவரை அறியாத ஒரு சமாதானம் கிடைத்தது. அப்பாவும் பிழைத்து வந்தார். சபையில் "சாட்சி சொல்லும்மா", அதாவது ஆண்டவர் உனக்குச் செய்ததை எல்லார் முன்பும் சொல், என்கிறார்கள். அலுவலகத் தோழிகளிடமும் சொல்ல ஆசை. அவர்களில் பலர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மதம் மாற்ற வந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். சொல்லாமல் இருந்தால் கர்த்தரை மறுதலித்தது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். என்ன செய்வது?

பதில்:

சொல்லுங்கள், சகோதரி. சபையிலும் சொல்லுங்கள், தோழிகளிடமும் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, அந்த வராந்தாவில் நடந்ததில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துப் பாருங்கள். மதுரைப் பக்கத்துச் சபைகளில் நெடுங்காலமாகச் சாட்சி வேளைகளை நடத்திவருகிறேன். கேட்டவர்கள் மனதில் தங்கிய சாட்சிகள் எல்லாமே இந்தப் பிரிவினையைச் செய்துவிட்டுச் சொல்லப்பட்டவைதான்.

யோவான் 9ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒரு முறை வாசியுங்கள். பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெறுகிறான். அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறான்: சேறு உண்டாக்கினார், என் கண்களில் பூசினார், போய்க் கழுவு என்றார், கழுவினேன், பார்க்கிறேன். "அவர் எங்கே?" என்றால், "எனக்குத் தெரியாது" என்கிறான். பரிசேயர்கள் மிரட்டி, அவர் பாவி என்று ஒத்துக்கொள் என்கிறபோதும், அதைப் பற்றி எனக்குத் தெரியாது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். அவன் வாயிலிருந்து "தெரியாது" என்று இரண்டு தடவை வருகிறது. அந்த இரண்டு "தெரியாது"களால்தான் அவனுடைய "தெரியும்" அசைக்க முடியாததாக நிற்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் அவன் "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்கிறான். அப்புறம் தீர்க்கதரிசி என்கிறான். அதிகாரத்தின் கடைசியில்தான் விழுந்து பணிகிறான். அவனுடைய அறிவு வளர வளர அவன் சாட்சியும் வளர்ந்தது. அறிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை போட்டு அவன் நிரப்பவில்லை.

நம் ஜெபக்கூட்டங்களில் பல நேரம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதல் தடவை சொல்லும்போது "மனசு லேசாச்சு" என்று ஆரம்பித்த சாட்சி, நாலாவது வீட்டு ஜெபத்துக்குள் "ஆண்டவர் சத்தமாகப் பேசினார்" என்று ஆகிவிடும். சொல்கிறவர் பொய் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. சுற்றி இருப்பவர்கள் "அல்லேலூயா" என்று எந்த இடத்தில் சத்தமாகச் சொல்கிறார்களோ, அந்த இடம் அடுத்த தடவை தானாகக் கொஞ்சம் பெரிதாகிறது. டாக்டர் "கொஞ்சம் சிக்கலான ஆபரேஷன்" என்று சொன்னது, "டாக்டர் கைவிட்டுவிட்டார்" என்று மாறுகிறது. அந்த டாக்டர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பார்த்தவராக இருக்கலாம். அவரைக் கைவிட்டவர் என்று சொல்லித்தான் கர்த்தரை மகிமைப்படுத்த வேண்டும் என்று எந்த வேதமும் கேட்கவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு செய்தி இருக்கிறது. ஜெபிக்கும்போது சமாதானம் கிடைத்தது என்பது ஒன்று. அப்பா பிழைத்தார் என்பது இன்னொன்று. முதலாவது உங்களுக்குள்ளே நடந்தது. அதற்கு நீங்களே சாட்சி, யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது நடந்ததும் உண்மை, அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்வதும் சரி. ஆனால் "நான் ஜெபித்தேன், அதனால் அப்பா பிழைத்தார்" என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிச் சொல்லும்போது நீங்கள் அறியாத ஓர் இடத்துக்குள் கால் வைக்கிறீர்கள். அதே வராந்தாவில் இன்னொரு குடும்பமும் காத்திருந்திருக்கும். அவர்களும் ஜெபித்திருப்பார்கள், அல்லது மீனாட்சி அம்மனுக்கு வேண்டியிருப்பார்கள், அல்லது துவா செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கலாம். உங்கள் சபையிலேயே போன வருடம் கணவரைப் பறிகொடுத்த ஒரு சகோதரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். "விசுவாசத்தோடு ஜெபித்தேன், ஆண்டவர் கேட்டார்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் காதில் விழுவது என்ன? "உன் விசுவாசம் போதவில்லை" என்பதுதான் விழும். நீங்கள் கனவிலும் நினைக்காத கொடுமை அது.

பவுல் இதை அறிந்தவர். 2 கொரிந்தியர் 12இல் மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட ஒரு மனுஷனைப் பற்றிப் பேசுகிறார். அது அவரேதான் என்பது படிக்கிறவருக்குப் புரியும். பதினாலு வருஷத்துக்கு முன் நடந்ததை அவ்வளவு தயக்கத்தோடு, யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலச் சொல்கிறார். சரீரத்திலிருந்தானோ சரீரத்திற்குப் புறம்பேயிருந்தானோ, அறியேன் என்கிறார். அதே மூச்சில் தன் மாம்சத்தில் இருந்த முள்ளைப் பற்றியும் சொல்கிறார். நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒரே சாட்சியில் வைத்தவர் அவர். அதனால்தான் படுக்கையில் கிடக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த அதிகாரத்தைத் திறக்கிறார்கள்.

ஆகவே சபையில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்பாவை உள்ளே கொண்டுபோனதும் எனக்குக் கை நடுங்கியது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரத்தில், அப்பா திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் நான் தனியாக இல்லை என்று ஒரு நிச்சயம் உள்ளே வந்தது. அப்பா திரும்பி வந்தார். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஆண்டவருக்கும் நன்றி." நடுங்கியதையும் வார்த்தை வராததையும் நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் உங்களுக்கு நடந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். அனுப்பானடிப் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்தில் காய்கறி விற்கும் ஓர் அம்மா சொன்ன சாட்சி இதைவிடச் சின்னது. மகன் குடியை விடவில்லை, இன்னும் ஜெபிக்கிறேன், காலையில் எழுந்து கூடையைத் தூக்க ஆண்டவர் பெலன் கொடுக்கிறார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த சாட்சிகளில் அது மிக உயர்ந்தது.

தோழிகள் விஷயம் வேறு. சபையில் உங்களைப் பேசச் சொல்லி அழைக்கிறார்கள். அலுவலகத்தில் அப்படி இல்லை. 1 பேதுரு 3:15ஐ எல்லாரும் "எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்ற முடிவோடு மட்டும் மனப்பாடம் செய்கிறோம். அதற்கு முன்னால் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" என்று இருக்கிறது, "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது. கேட்கிறவருக்குச் சொல்வதுதான் அங்கே கட்டளை. நீங்கள் அப்பாவுக்காக லீவு போட்டது தோழிகளுக்குத் தெரியும். யாராவது ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் "அந்த நாள் எப்படிப்பா சமாளிச்ச?" என்று நிச்சயம் கேட்பாள். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெபித்தேன், இயேசு கூட இருக்கிறார் என்று தோன்றியது என்று அவர் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். "ஏதோ ஒரு சக்தி" என்று மழுப்ப வேண்டாம். உங்களுக்கு அவர் யார் என்று சொல்வதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

மதுரையில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கடவுளைப் பற்றிப் பேசினால் இங்கே யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். சித்திரை மாதம் ஊரே ஆற்றில் நிற்கிற ஊர் இது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களிடம் சாதியும் சமயமும் விசாரித்துப் பாருங்கள், தெரியும். அதனால் நீங்கள் சொல்லி முடித்ததும் உங்கள் தோழி, "எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நானும் மீனாட்சிகிட்டதான் அழுதேன், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். உடனே, அது வேறு இது வேறு என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவள் உங்களை நம்பித் தன் உள்ளத்தைத் திறந்திருக்கிறாள். முழுசாகக் கேளுங்கள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் நம்புவதை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், "எல்லாம் ஒன்றுதான்" என்று மனதில் இல்லாததைச் சொல்லவும் வேண்டாம். அவள் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டால் அப்போது சொல்லலாம். உங்கள் முஸ்லிம் தோழிக்கு ஈசா நபியைப் பற்றியும் மர்யம் அம்மையாரைப் பற்றியும் குர்ஆன் வழியாக ஏற்கெனவே தெரியும். அவள் எப்படி அறிந்திருக்கிறாள் என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்தே நல்ல பேச்சு பிறக்கும்.

அடுத்தது பேச்சு வழக்கு. நாம் சபைக்குள் பேசும் தமிழ் வெளியில் இருப்பவர்களுக்குப் பாதி புரியாது. "இரட்சிக்கப்பட்டேன்", "அபிஷேகம் இறங்கியது", "பாரப்பட்டு ஜெபித்தேன்" என்றெல்லாம் சொன்னால் தோழி மரியாதைக்குத் தலையாட்டுவாள். வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தை மதுரை நமக்கு முன்னாடியே படித்திருக்கிறது. 1606இல் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, இங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இன்னொரு சேசு சபை (கத்தோலிக்கத் துறவியர் சபை) குரு பத்தாண்டுக்கு மேலாக இருந்தார். மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடமும் நடத்தினார். ஊர் அவரை மதித்தது. ஆனால் கடற்கரையிலிருந்து வந்த பரவர் கிறிஸ்தவர்களைத் தாண்டி யாரும் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிறிஸ்துவிடம் வருவது என்றால் பரங்கியாக, அதாவது ஐரோப்பியராக, மாறுவது என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள். நொபிலி காவி உடுத்தினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். ஒரு பள்ளி வாத்தியாரோடு நாள் கணக்காக உட்கார்ந்து, அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அவர் சாதி ஆசாரத்துக்கு இடம் கொடுத்து, பரவர் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகித் தனிக் கோவில் வைத்ததை என்னால் ஏற்க முடியாது. கேட்கிறவரின் பேச்சை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் சகோதரனை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் சாட்சியில் என்ன மிஞ்சும்?

பின்னால் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. உங்கள் பசுமலையே அந்த மிஷனால் வளர்ந்த இடம். அதைச் சேர்ந்த எட்வர்டு வெப், மொழிபெயர்த்த மேல்நாட்டுப் பாட்டுகள் மக்கள் மனதில் ஒட்டவில்லை என்று கண்டு, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். இன்றும் ஞாயிற்றுக்கிழமை நாம் பாடும் கீர்த்தனைகளுக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். நம் காலத்தில் அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு இன்னும் ஒரு படி இறங்கி, கிராமத்து மெட்டிலும் கூலி வேலை செய்கிறவர்களின் பேச்சிலும் பாட்டுக் கட்டினார். 2005இல் காலமானார். "பரட்டை" என்றால் நம் பக்கத்துச் சபைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

மதம் மாற்ற வந்தவள் என்று நினைப்பார்களோ என்ற பயத்துக்கு வருவோம். சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெய்ன்ஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை என்றால் தன் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், விசுவாசியாக நமக்கு அந்த எல்லை புதிது இல்லை. ஒருவர் மனதை மாற்றுவது பரிசுத்த ஆவியானவரின் வேலை என்று நாம்தான் போதிக்கிறோம். அப்புறம் நாமே ஏன் அவசரப்பட வேண்டும்? பணம், வேலை, கல்யாணம், வைத்தியம் இவை எதையும் சாட்சியின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிற பெண்ணிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவளால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரும் அப்படித்தான். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பவர்களைப் பெரியாஸ்பத்திரி வார்டுகளில் பார்த்திருக்கிறேன், மனம் நொந்திருக்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வந்து கொடுங்கள்.

பிறர் கடவுளைக் குறைத்துப் பேசிச் சாட்சி சொல்வதை அடியோடு விட வேண்டும். குருடனாயிருந்தவன் யாரையும் குறைத்துச் சொல்லவில்லை, தன் கண்ணைப் பற்றித்தான் சொன்னான்.

வாட்ஸ்அப்பில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் சாட்சியில் உங்கள் அப்பாவும் இருக்கிறார். அவர் நோய், அவர் உடம்பு, அவர் பட்ட பயம். முதலில் அவரிடம் கேளுங்கள். மாற்கு 5ஆம் அதிகாரத்திலேயே இரண்டு விதமும் இருக்கிறது. பிசாசு பிடித்துக் கல்லறைகளில் இருந்து, குணமான மனிதனிடம், உன் வீட்டுக்குப் போய்க் கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்கிறார் இயேசு. அதே அதிகாரத்தின் முடிவில் யவீருவின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பியபின், இதை ஒருவருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று உறுதியாகக் கட்டளையிடுகிறார், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். ஊர் வேடிக்கை பார்க்கும் பொருளாக அந்தப் பிள்ளை ஆகிவிடக்கூடாது என்பதும் அதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் போட்டோவோடு ஒரு சாட்சி முன்னூறு பேர் குழுவில் சுற்றுவதை அவர் விரும்புவாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

மறுதலித்தது ஆகுமோ என்ற பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பேதுரு மறுதலித்தது எப்போது? முற்றத்தில் ஒரு வேலைக்காரி, நீயும் அவரோடு இருந்தாய் என்று நேருக்கு நேர் சொன்னபோது, அவரை அறியேன் என்று சொன்னான். கேட்கப்பட்டபோது இல்லை என்பதுதான் மறுதலிப்பு. சமயம் வரும்வரை காத்திருப்பது வேறு. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்தான் என்று யோவான் 19:38 சொல்கிறது. ஆனால் எல்லாரும் ஓடிப்போன நாளில் பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டவன் அவன்தான். இதைப் பயத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோழி கேட்கும் நாளில் பேச வேண்டியது உங்கள் பொறுப்பு.

கடைசியாக, நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றுக்கும் தயாராக இருங்கள். கேட்ட தோழிகளில் ஒருத்தி, "நானும் ஒரு நாள் உன்கூடக் கோவிலுக்கு வரட்டுமா?" என்று கேட்கலாம். அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுங்கள். முன்னால் நிறுத்தி அறிமுகப்படுத்த வேண்டாம் என்று சபைப் போதகரான ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். தொடர்ந்து வந்து, ஞானஸ்நானம் பற்றி அவளே பேசத் தொடங்கினால், அவள் கொடுக்க வேண்டியிருக்கும் விலையை மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கும் சபைக்கும் இருக்கிறது. வீட்டோடு உறவு, கல்யாணம் எல்லாம் அதில் வரும். அவள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவளானால் இன்னொன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. கிறிஸ்தவரானால் அந்த இட ஒதுக்கீடு போகும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் சேர்ப்பார்கள். படிப்பும் வேலையும் அதைச் சார்ந்திருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். இத்தனையும் கேட்டபின் அவள் வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி, திங்கட்கிழமை அவளோடு வழக்கம்போல் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுங்கள்.